ஹெச்.பி.வி ரிப்போர்ட்டில் ‘16, 18 இல்லை’ என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: என் வயது 38. ஒன்பது வருடங்களாக ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்கிறேன். ஹெச்.ஐ.வி-யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்தபோது வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள ஹெச்.ஐ.வி-யின் அளவு) ‘கண்டறிய முடியாத அளவு’ என்று வந்தது, சிடி4 (எதிர்ப்பு சக்தி செல்களின் எண்ணிக்கை) 520. போன மாதம் முதல்முறையாக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்.பி.வி வைரஸுக்கான பரிசோதனை செய்துகொண்டேன். ‘16 இல்லை, 18 இல்லை, பிற அதிக ஆபத்து வகைகள் உண்டு’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், “16, 18 தான் கேன்சர் வைரஸ், மற்றதெல்லாம் சும்மா, போகவே வேண்டாம்” என்கிறார். எனக்கு வந்திருப்பது புற்றுநோயா, இல்லையா? ஹெச்.ஐ.வி இருப்பதால்தான் வந்ததா? என் கணவருக்கு ஹெச்.ஐ.வி இல்லை. இந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். 13 வயது மகளுக்கு, அவளுக்கும் ஹெச்.ஐ.வி கிடையாது, ஹெச்.பி.வி தடுப்பூசி போடலாமா? எனக்கும் போட்டுக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்களுக்கு வந்திருப்பது புற்றுநோய் ரிப்போர்ட் இல்லை. அந்தப் பரிசோதனை புற்றுநோய்ச் செல்லைத் தேடுவதே இல்லை. கர்ப்பப்பை வாயில் எடுத்த மாதிரியில் ஹெச்.பி.வி வைரஸின் மரபணு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. ‘உண்டு’ என்று வந்தால், அந்த இடத்தை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதற்குத்தான் கால்போஸ்கோப்பி. ஆகவே உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, கொடுத்த தேதிக்குப் போய்விடுங்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற பாதிதான், குறிப்பாக உங்களைப் போல ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்களுக்கு, ஆபத்தானது.

பாதி உண்மை எது? ஹெச்.பி.வி-யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கண்டுபிடித்த வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள், எண்ணுக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை. 6, 11 போன்றவை மருக்களை உண்டாக்கும். புற்றுநோய் வரை போவது மிக அரிது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை ஒரு டஜன்: 16, 18, 31, 33, 35, 39, 45, 51, 52, 56, 58, 59. உலகம் முழுக்க வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 இரண்டும்தான் காரணம். அதிலும் 16-ன் பங்கு மிகப் பெரியது. அதனால்தான் பரிசோதனைக் கருவிகள் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, மீதியை ‘பிற’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கின்றன. அந்த ‘பிற’ என்பதற்குள் மேலே சொன்ன பத்து வகைகளும், கூடவே 66, 68-ம் இருக்கும். மீதி 30 சதவீதப் புற்றுநோய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இந்த மூட்டைக்குள்ளிருந்துதான். 31, 33, 45, 52, 58 ஆகிய ஐந்து மட்டுமே சுமார் 20 சதவீதத்துக்குக் காரணம். சும்மா என்று சொல்லக்கூடிய வைரஸ்கள் இல்லை இவை.

வைரஸ் இருந்தால் மட்டும் புற்றுநோய் வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் இன்றிரவு தூங்க மாட்டீர்கள். உடலுறவு வாழ்க்கை உள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது ஹெச்.பி.வி தொற்று வந்து போகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடலே அதை அடக்கிவிடும்; வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அடங்காமல் அதே வகை வருடக்கணக்காகத் தங்கிவிடுவதுதான் சிக்கல். தங்கிய வைரஸ் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைத் தொடர்ந்து தயாரிக்கும். செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற இரண்டு காவல் புரதங்களை அவை செயலிழக்கச் செய்யும். அப்போதும் ஒரே நாளில் புற்றுநோய் வராது. முதலில் செல்களின் மேலடுக்கில் மாற்றம் வரும். அதை சிஐஎன் 1, 2, 3 என்று படி பிரித்து எழுதுவார்கள். 1 பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். 2, 3 தான் சிகிச்சை தேவைப்படுகிற படிகள். எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும் பெண்ணுக்குத் தொற்றிலிருந்து புற்றுநோய் வர 15 முதல் 20 வருடம் வரை ஆகும்.

இங்கேதான் ஹெச்.ஐ.வி வருகிறது.

ஒரு சின்னத் தகவல். 2008-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெச்.பி.வி காரணம் என்று காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்குப் போனது. இன்னொரு பாதியை ஹெச்.ஐ.வி-யைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொந்தானியேவும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே மேடை, இரண்டு வைரஸ்கள். ஆனால் நோயாளிகளுக்குப் பல இடங்களில் இரண்டும் இரண்டு வெவ்வேறு கிளினிக்கில், இரண்டு வெவ்வேறு ஃபைலில்தான் இருக்கின்றன. ஒன்பது வருடம் ஹெச்.ஐ.வி சிகிச்சையில் இருந்துவிட்டு முதல்முறையாக இப்போதுதான் ஹெச்.பி.வி பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குற்றமில்லை அது. முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஹெச்.ஐ.வி உள்ள பெண்ணுக்கு, மேலடுக்கைத் தாண்டி உள்ளே ஊடுருவிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தால் அதை எய்ட்ஸைக் குறிக்கும் நோய்களில் ஒன்றாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993-லேயே சேர்த்துவிட்டது.

‘ஹெச்.ஐ.வி இருப்பதால்தான் வந்ததா’ என்று கேட்டீர்கள். ஹெச்.பி.வி-யை ஹெச்.ஐ.வி கொண்டுவரவில்லை, அது யாருக்கும் வரக்கூடியது. வந்ததை விரட்டும் வேலையில்தான் ஹெச்.ஐ.வி கை வைக்கிறது. கர்ப்பப்பை வாயில் தொற்றிய செல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் படைக்குச் சிடி4 செல்கள்தான் உத்தரவு கொடுப்பவை. சிடி4 குறையும்போது வைரஸ் எளிதில் தங்கும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து தங்கும், பல வருடம் முன்பு அடங்கிப்போய் ஒளிந்திருந்த வகையும் மறுபடி தலைதூக்கும். இதெல்லாம் சேர்ந்து, ஹெச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஆறு மடங்கு. சிகிச்சை எடுக்காமல் எதிர்ப்பு சக்தி தளர்ந்திருந்தால், 15–20 வருடம் என்று சொன்ன கணக்கு 5–10 வருடமாகச் சுருங்கலாம். உலக அளவில் இந்தப் புற்றுநோயில் சுமார் 5 சதவீதம் ஹெச்.ஐ.வி-யின் தாக்கத்தால் வருவது. ஹெச்.ஐ.வி அதிகமாக இருக்கும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில், இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்கள்.

சரி, வகை எண்ணுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் மையம் அதுதான், மருத்துவர்களே பலர் விளக்காமல் தாண்டிவிடும் இடமும் அதுதான்.

ஹெச்.பி.வி வகைகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. காவல்காரர் விழித்திருக்கும்போதே சுவரேறிக் குதிக்கத் தெரிந்த திருடன் என்றால் அது 16. எதிர்ப்பு சக்தி முழு பலத்தோடு இருக்கும் பெண்ணின் உடலிலும் அது கண்ணில் படாமல் தங்கிவிடும். அதனால்தான் பொது மக்களில் அது முதலிடத்தில் இருக்கிறது. காவல்காரர் தூங்கினால் அவனுக்குப் பெரிய லாபம் ஒன்றுமில்லை, ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டுதானே இருந்தான்! லாபம் அடைவது, அதுவரை வாசலிலேயே விரட்டப்பட்ட மற்றவர்கள். ஹெச்.ஐ.வி உள்ள பெண்களிடம் நடப்பது இதுதான். சிடி4 குறையக் குறைய 16-ன் தொற்று அவ்வளவாக ஏறுவதில்லை. மற்ற வகைகள் ஏறுகின்றன. சிஐஎன் 2, 3 போன்ற முற்றிய மாற்றம் உள்ள ஹெச்.ஐ.வி பெண்களை, அதே மாற்றம் உள்ள மற்ற பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, 16 குறைவாகவும், 18, 33, 51, 52, 58 போன்றவை அதிகமாகவும், பல வகைகள் ஒன்றாகவும் இருப்பது தெரிந்தது. ஆப்பிரிக்காவில் 35-ம் வகை மற்ற கண்டங்களைவிட அதிகமாகத் தென்படுகிறது.

இதை வைத்து 16-ஐ லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முழுப் புற்றுநோயாக மாறியவர்களை மட்டும் பார்த்தால், ஹெச்.ஐ.வி உள்ளவர்களிடமும் 16 தான் முதலிடம். 16-ம் 18-ம் சேர்ந்தால் பெரும்பான்மை. இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் உண்மை. 16 அல்லது 18 என்று வந்திருந்தால் உங்களை இன்னும் அவசரமாக அழைத்திருப்பார்கள். வராததால் ஆபத்து கொஞ்சம் குறைவு. ஆனால் ‘பிற’ என்ற சொல் ஹெச்.ஐ.வி இல்லாத ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் எவ்வளவு கனமோ, உங்கள் ரிப்போர்ட்டில் அதைவிடக் கனம் கூடுதல். நான் உங்கள் மருத்துவராக இருந்தாலும் கால்போஸ்கோப்பிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

‘பிற’ என்பதில் எது என்று தனியாகக் கண்டுபிடிக்க இன்னொரு பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கலாமா என்று அடுத்துத் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். 33 என்று தெரிந்தாலும் 51 என்று தெரிந்தாலும் உங்களுக்கு அடுத்த படி கால்போஸ்கோப்பிதான். அங்கே கர்ப்பப்பை வாயில் என்ன தெரிகிறது என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கும்.

உங்கள் பக்கம் இருக்கும் நல்ல விஷயம், உங்கள் மாத்திரை. ஏ.ஆர்.டி மருந்துகள் ஹெச்.பி.வி-யை நேரடியாகத் தொடுவதில்லை; வைரல் லோட் கண்டறிய முடியாத அளவில் இருப்பதால் ஹெச்.பி.வி-யும் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் எதிர்ப்பு சக்தியை மீட்டுக் கொடுப்பதால், தொடர்ந்து மருந்து எடுப்பவர்களிடம் அதிக ஆபத்து வகைத் தொற்றும், செல் மாற்றங்களும், புற்றுநோயும் குறைவாக இருப்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம். இதனால்தான், அடுத்த முறை போகும்போது இன்றைய சிடி4 எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். சிகிச்சை தொடங்கும் முன் உங்கள் சிடி4 எவ்வளவு தாழ்ந்து போயிருந்தது, எந்த வருடம் மாத்திரை தொடங்கினீர்கள், நடுவில் விட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள். 520 என்பது நல்ல எண். ஆனால் ஒரு காலத்தில் 80-க்குப் போய் ஏறிய 520-ம், 350-க்குக் கீழே இறங்காத 520-ம் கர்ப்பப்பை வாயைப் பொறுத்தவரை ஒன்றல்ல. எதிர்ப்பு சக்தி தளர்ந்திருந்த அந்த நாட்களில் வைரஸ் அங்கே வேரூன்றியிருக்கலாம்.

புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், இந்தப் புற்றுநோயின் வாய்ப்பை அது கூட்டும். ஹெச்.பி.வி-யைக் கொல்லும் மாத்திரை எதுவும் இன்றைக்குக் கிடையாது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டி வைரஸை விரட்டுகிறோம் என்று பவுடரும் சிரப்பும் விற்பவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் இருக்கும் பொருட்கள் உங்கள் ஏ.ஆர்.டி மருந்தின் வேலையையே கெடுக்கலாம்.

கால்போஸ்கோப்பியில் என்ன செய்வார்கள்? ஹெச்.பி.வி மாதிரி எடுக்கப் படுத்தது போலத்தான் படுக்க வேண்டும். பார்க்கும் கருவி உள்ளே போகாது. வெளியே நின்றபடி பெரிதாக்கிக் காட்டும். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுவார்கள், மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதை எடுத்துப் பயாப்சிக்கு, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். சுருக்கென்று ஒரு வலி, ஓரிரு நாள் லேசான கசிவு, அவ்வளவுதான்.

பயாப்சியில் ஒன்றுமில்லை அல்லது சிஐஎன் 1 என்று வந்தால் பெரும்பாலும் சிகிச்சை வேண்டாம், கண்காணிப்பு போதும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஹெச்.பி.வி உண்டு, ஆனால் அடுத்தகட்டப் பரிசோதனையில் மாற்றம் இல்லை என்றால், மற்ற பெண்கள் 24 மாதம் கழித்து வந்தால் போதும், ஹெச்.ஐ.வி உள்ளவர்கள் 12 மாதத்தில் வர வேண்டும். சிஐஎன் 2, 3 என்று வந்தால் அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்தோ, சூட்டால் பொசுக்கியோ அழிப்பார்கள், அல்லது மெல்லிய மின்கம்பி வளையத்தால் செதுக்கி எடுப்பார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறும் வரை நான்கிலிருந்து ஆறு வாரம் உடலுறவு வேண்டாம்.

சிகிச்சைக்குப் பிறகும் மாற்றம் திரும்ப வரும் வாய்ப்பு ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்கு அதிகம். அதனால் 12 மாதத்தில் ஒரு பரிசோதனை, அது நன்றாக இருந்தாலும் இன்னொரு 12 மாதத்தில் மறுபடி ஒன்று. இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் வழக்கமான இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். வழக்கமான இடைவெளி உங்களுக்கு 3 முதல் 5 வருடம். மற்ற பெண்களுக்கு 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை, ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்க வேண்டும். இந்த வரியை உங்கள் ஏ.ஆர்.டி மையத்தில் மாத்திரை வாங்க வரும் தோழிகளிடமும் சொல்லுங்கள். மருத்துவரிடம் மாதிரி கொடுக்கக் கூச்சப்படுபவர்கள் தாங்களே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் உண்டு, ஹெச்.பி.வி பரிசோதனைக்கு அது ஏற்கப்பட்டது.

அப்புறம், “எதற்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள்” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஹெச்.பி.வி உண்டு என்ற ஒரு வரிக்காக யாரும் அதைச் செய்யக் கூடாது. வைரஸ் பிறப்புறுப்பின் தோலிலும் தங்கக்கூடியது. கர்ப்பப்பையை எடுத்தாலும் அது போய்விடும் என்று உறுதி இல்லை.

உங்கள் கணவர் விஷயம். இந்தப் பத்தியை அவரிடம் அப்படியே படிக்கக் கொடுங்கள். ஐயா, இந்த ரிப்போர்ட் உங்கள் மனைவிக்கு வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஹெச்.பி.வி பத்து, இருபது வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒளிந்திருக்கும். எதிர்ப்பு சக்தி தளரும்போது வெளியே தெரியும். உங்களிடமிருந்தே அவருக்கு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆண்களுக்கு இது பெரும்பாலும் தெரியாமலேயே வந்து போகும், உங்களுக்கென்று வழக்கமான பரிசோதனையும் கிடையாது. இதை வைத்துக் குடும்பத்தில் விசாரணை நடத்துவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அவரோடு கால்போஸ்கோப்பிக்குத் துணைக்குப் போய் வாருங்கள்.

உங்கள் இருவருக்கும் பொதுவாக இன்னொன்று. வைரல் லோட் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவு மூலம் ஹெச்.ஐ.வி கணவருக்குப் பரவாது. ஹெச்.பி.வி-க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது தோல் உரசலிலேயே பரவும். ஆணுறை முழுப் பாதுகாப்பு தராது என்றாலும் ஓரளவு குறைக்கும்.

மகளுக்குத் தடுப்பூசி போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். 9 முதல் 14 வயதுதான் இதற்குச் சிறந்த காலம். அவளுக்கு ஹெச்.ஐ.வி இல்லாததால் ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெச்.ஐ.வி உள்ள பெண் குழந்தையாக இருந்தால் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதன் வெளிக்கூட்டுப் புரதம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் அது பாதுகாப்பானது. எல்லாத் தடுப்பூசியும் 16, 18-ஐத் தடுக்கும். ஒன்பது வகைத் தடுப்பூசி 31, 33, 45, 52, 58-ஐயும் தடுக்கும். எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள், ஒன்பது வகைதான் வேண்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். போட்டுக்கொண்டாலும் வளர்ந்த பிறகு அவளும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

உங்களுக்கு? ஏற்கெனவே இருக்கும் தொற்றைத் தடுப்பூசி அகற்றாது. இன்னும் வராத வகைகளை மட்டும் தடுக்கும். 38 வயதில், பல வருட மண வாழ்க்கைக்குப் பிறகு, அதன் பலன் சிறிதுதான். போட்டுக்கொண்டால் கெடுதல் இல்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் அது மகளுக்கு. உங்களுக்கான பாதுகாப்பு பரிசோதனையில்தான் இருக்கிறது.

கடைசியாக, அடுத்த மாதத் தேதி வரை காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் அதற்குள் உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, மாதவிடாய்களுக்கு நடுவில் ரத்தம் பட்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலோ, தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள். போகும்போது ஹெச்.பி.வி ரிப்போர்ட், ஏ.ஆர்.டி அட்டை, பழைய சிடி4 ரிப்போர்ட்டுகள் மூன்றையும் ஒரே உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.